அத்தைக்கு விட்ட இடம்

எங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்தில் தேடினால் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இல்லாமல் போனவர்கள் வெகுநாள் வரைக்கும் என் அம்மாவைக் கடைவீதியில் நிறுத்தி, "எங்க படம் நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் முகம் மாறாமல், "ஆல்பம் மன்னவனூர்ல மாப்பிள்ள வீட்டுலதான கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவாள். அதில் பொய் இல்லை. ஆல்பம் அங்கேதான் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். வில்பட்டிப் பக்கம் பூண்டும் கேரட்டும் போடுகிற தோட்டம் ஒன்றில் அப்பா வேலை பார்த்தார். ஊரில் எங்களைச் சிலோன்காரர் வீடு என்பார்கள். அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு நாடுகளும் கூடிப் பேசி, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டபோது அப்பாவின் பேர் இந்தப் பக்கமும் அவருடைய அக்காவின் பேர் அந்தப் பக்கமும் விழுந்துவிட்டது. தாய் தகப்பன் இல்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். மீசை முளைக்காத வயதில் அவர் தனியாகக் கப்பலேறி வந்தார். அந்த அத்தையை நான் பார்த்ததே கிடையாது.

அம்மா வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரி. ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று அவளுக்கு ஒரு லாரி சனம் உண்டு. அப்பா பக்கத்தில் அப்பா மட்டுந்தான். பெண் பார்க்க மன்னவனூரிலிருந்து வந்தவர்கள்கூடக் காப்பியைக் குடித்து முடித்ததும், "பொண்ணோட அப்பா வழியில யாரு இருக்காங்க?" என்று கேட்டார்கள். "ஒரு அக்கா இருக்குங்க" என்றார் அப்பா. கல்யாணத்துக்கு வருவார்கள்தானே என்று அடுத்த கேள்வி வந்தது. "பாக்கணுங்க" என்று சொல்லிவிட்டு, அப்பா காலியான தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் தம்ளர் எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அத்தையால் வர முடியவில்லை. பிள்ளையின் கல்யாணப் படத்தில் ஒன்றையாவது அனுப்பி வை என்று எழுதி, கூடவே தன் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளை லயம் என்பார்கள். அந்த லயத்து வாசலில், நல்ல பகல் வெளிச்சத்தில், புடவைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி நேராக நின்றிருந்தாள். அப்பா அந்தப் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

கொடைக்கானல் டவுனில் போட்டோக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் கேட்டுப் பழகிய கூலியையே அவர்கள் எங்களிடமும் கேட்டார்கள். அதனால் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கீழே வத்தலக்குண்டிலிருந்து ஓர் இளைஞரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதையும் சல்லிசாக முடித்துக் கொடுப்பதில் மாமாவுக்குத் தனிப் பெருமை. அதற்கு முன் எங்களுக்கு அவர் சல்லிசாக வாங்கித் தந்தது ஒரு குடை. அது நன்றாக விரியும். மடக்க மட்டும் வராது.

ஒரு பிலிம் ரோலில் முப்பத்தாறு படம் விழும், ரோல், பிரிண்ட், ஆல்பம் எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும் என்று போட்டோக்காரர் பணிவாகச் சொன்னார். அம்மா அங்கேயே கணக்குப் போட்டாள். இரண்டு ரோல் என்றால் பந்தியில் பாயசம் இருக்காது. ஒரு ரோல் என்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பாயசமா படமா என்று அம்மாவும் மாமாவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கும்போது போட்டோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"முக்கியமானவங்களுக்கு மட்டும் பிலிம ஓட்டுவோங்க. மத்தவங்களுக்குச் சும்மா ப்ளாஷ மட்டும் அடிச்சு விட்ருவேன். வெளிச்சம் வரும், படம் விழாது. அவங்களுக்குத் தெரியாதுங்க. எல்லா வீட்லயும் இப்படித்தான் ஓடுது."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்மள மதிச்சு வந்த சனத்த வெறும் வெளிச்சத்தக் காட்டி அனுப்ப ஏலாது" என்றார். கோபம் வந்தால் அவர் வாயில் சிலோன் வார்த்தைகள் வந்துவிடும்.

"மனசு நோகாம அனுப்பத்தானே அந்த வெளிச்சமே. மேடையேறுனவங்கள எறங்கிப் போன்னு சொல்றதுக்கு இது மேல்" என்றாள் அம்மா.

அப்பா எழுந்துபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த அத்தையின் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு, ஒரு படம் மட்டும் தனக்கு வேண்டும், அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்றார். நாங்கள் எல்லோரும் நிற்க வேண்டும். தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட வேண்டும். அந்த இடத்தில் அத்தையைக் கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்று கேட்டார். போட்டோக்காரர் அத்தையின் படத்தை வாங்கி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். மதுரையில் கம்ப்யூட்டரில் செய்து வாங்கலாம், அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அத்தை பகல் வெளிச்சத்தில் நிற்பதால் நாமும் வெளியில்தான் நிற்க வேண்டும் என்றார். "கடைசிப் படம் அண்ணனுக்குன்னு வச்சிருவோம்" என்றார். அந்தத் தனிச் செலவுக்கு அம்மா வாய் திறந்து எதிர்ப்புச் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ, "அதெல்லாம் குடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவர்கள் போன பிறகு அப்பா என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் ஓர் ஓரமாக நிறுத்தினார். தான் தள்ளி நின்றுகொண்டு நடுவில் விட்ட இடத்தைக் கண்ணால் அளந்தார். "அக்கா இந்த ஒசரம் இருக்கும்" என்று கையைத் தன் தலைக்கு மேலே தூக்கினார்.

"உங்களவிட ஒசரமாப்பா?"

"நான் கப்பல் ஏறையில என்னைவிட ஒசரம்."

சொல்லிவிட்டு அவரே யோசித்தார். அப்போது அவர் பையன். அதன்பின் வளர்ந்துவிட்டார். தூக்கிய கையை எந்த உயரத்துக்கு இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டார்.

கல்யாணம் ஆவணியில், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. யார் முக்கியம், யார் இல்லை என்பது கீழேயிருந்து வந்த போட்டோக்காரருக்குத் தெரியாது. அதனால் மாமா அவர் பக்கத்திலேயே நிற்பது என்று ஏற்பாடு. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டால் பிலிம். துண்டு அசையாமல் கிடந்தால் வெறும் வெளிச்சம்.

மாமாவின் இடுப்பை ஒட்டி நின்ற நான் நாலைந்து பேர் மேடையேறி இறங்குவதற்குள் இதைப் பிடித்துக்கொண்டேன். பிலிம் ஓடினால் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். உடனே போட்டோக்காரர் கட்டைவிரலால் ஒரு சின்ன லீவரை இழுப்பார். வெறும் வெளிச்சத்துக்கு இரண்டும் கிடையாது. தோட்டத்துக் கணக்கருக்குத் துண்டு அசைந்தது. பால் ஊற்றுகிறவருக்கு அசையவில்லை. புடவையை நீவிவிட்டுக்கொண்டு மேடையேறிய என் வகுப்பு டீச்சருக்கும் அசையவில்லை. டீச்சர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவ்வளவு அழகாகச் சிரித்தார். எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய ரகசியம் எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மேகம் இறங்கியிருந்தது. குளிரில் ஆண்கள் எல்லோரும் ஸ்வெட்டரும் காதை மூடின குல்லாவுமாக இருந்தார்கள். குல்லா போட்டுவிட்டால் எங்கள் மலையில் முதலாளிக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படி ஒருவர், உருளைக்கிழங்கு ஏற்றின லாரியில் வந்திறங்கிய மண்ணோடு, மேடையேறி மாப்பிள்ளையின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். அவரை முன்பின் பார்த்திராத மாமா, வேன் டிரைவராக இருக்கும் என்று நினைத்தார். துண்டு அசையவில்லை. வெளிச்சம் அடித்தது, அவர் இறங்கிப் பந்திக்குப் போனார்.

அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. தகப்பன் இல்லாத மாப்பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்.

அவருக்கு அடித்தது வெறும் வெளிச்சம் என்பது அப்போதே தெரியாமல் போயிருந்தால் ஆல்பம் வரும்வரை ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மாப்பிள்ளைக்குத் தம்பி முறையுள்ள ஒருவர் கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைப் படம் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் இருந்தார். அன்றைக்கு விருந்தாளியாக வெறுங்கையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'டக்'கென்ற சத்தம் இல்லாததை என்னைப்போலவே அவரும் கேட்டிருக்கிறார். பந்தியில் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

பெரியப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு இலையிலிருந்து எழுந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராகக் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நாளைக்கு அவள்தான் அந்த வீட்டில் இவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார்களே என்று மட்டும் நினைத்தேன்.

அப்பா ஓடி வந்தார். பெரியப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். "அப்பன் இல்லாத புள்ளைய இந்தத் தோள்ல போட்டு வளத்தேன்யா. எனக்கு வெறும் வெளிச்சந்தானா?" என்றார். எச்சில் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். அப்பா சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து பெரியப்பாவின் கையில் தானே ஊற்றினார். "தப்பு எங்க மேலதாங்க. வாங்க" என்று ஈரக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். குல்லாவைக் கழற்றச் சொல்லி, தன் தோளில் கிடந்த புதுச் சால்வையை அவர்மேல் போர்த்தினார். மாப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் நடுவில் அவரை உட்காரவைத்தார்.

போட்டோக்காரர் கேமராவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணே, கெடக்கிறது ஒண்ணுதான். அது நீங்க சொன்னது."

மாமாவுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

"எடுங்க தம்பி."

தேவையே இல்லாமல் மாமா துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். 'டக்'கென்று கேட்டது. போட்டோக்காரர் லீவரை இழுத்தார்; அது பாதியிலேயே நின்றுவிட்டது. பெரியப்பா இறங்கி வந்து புது இலையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பாயசம் வந்தது.

போட்டோக்காரரிடம் வேறு ரோல் இல்லை. டவுனுக்குப் போய் வாங்கி வரலாம் என்று மாமா செருப்பைத் தேடினார். அதற்குள் மேகம் இன்னும் கீழே இறங்கிவிட்டது. மன்னவனூர் ரோடு அடைத்துக்கொள்ளும், இப்போதே கிளம்பினால்தான் ஆச்சு என்று வேன் டிரைவர் ஹாரனை அடிக்க ஆரம்பித்தார். பெண்கள் வெரசா வெரசா என்று சாமான்களை ஏற்றினார்கள். அக்காவும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். வேனில் கால் வைக்கப்போன அக்கா சட்டென்று திரும்பினாள்.

"அப்பா, அத்தை படம் இன்னும் எடுக்கலையே?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்தார்.

"ஆமா புள்ள. மறந்தே போச்சு. வாங்க, எல்லாரும் வாங்க."

போட்டோக்காரர் தயங்கி, "அண்ணே" என்று ஆரம்பித்தார். "நாங்க நிக்கிறோம். நீங்க எடுங்க" என்றார் அப்பா. பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். கூடத்துச் சுவரோரம் அக்காவையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி, அம்மாவை அக்கா பக்கத்தில் நிறுத்தி, தான் நின்று, தனக்கு அந்தப் பக்கம் இடம் விட்டு என்னை நிறுத்தினார். வீட்டு வாசலில் அளந்த அதே இடம். நெருங்கி நில்லுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"இல்ல, அது எங்க அத்தைக்கு" என்றாள் அக்கா.

"யாருக்கு எடம்?" என்று சால்வை போர்த்திய பெரியப்பா கேட்டார்.

"எங்க அக்காவுக்குங்க. என்னைய வளத்தது அதுதான். சிலோன்ல இருக்கு" என்றார் அப்பா.

பெரியப்பா தலையை ஆட்டினார். "நல்லா விழும்" என்றார்.

நான் அந்த இடத்துக்கு மேலாக எட்டி அப்பாவின் கையை இழுத்தேன். "மாமா துண்டத் தொடவே இல்லப்பா" என்று முணுமுணுத்தேன். "பேசாம நேராப் பாரு" என்றார். மேகத்துக்குள் வெளிச்சம் அடித்தது. 'டக்' இல்லை. ஏரிக்கரைத் தம்பி வேன் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்காது. இந்தமுறை அவர் வாயைத் திறக்கவில்லை. யாரையும் பார்க்காமல் வேனுக்குள் ஏறிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் சால்வையோடு பெரியப்பா கம்பீரமாக இருந்தார். அத்தை படம் எங்கே என்று கேட்டாள். "அது மேகம் புகுந்து வெள்ளையாப் போச்சாம் புள்ள" என்றார் அப்பா. அக்கா அழுதாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பென்சில் விஷயத்தில் பொய் சொன்னதற்காக அதே அப்பாவிடம் அடி வாங்கியவள் நான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளி, குடத்தைக் கையில் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்பினாள்.

அத்தைக்கு வேறு இரண்டு படங்கள் போயின. மேகம் கெடுத்துவிட்டது என்று அவளுக்கும் அப்பா எழுதினார். இங்கேயும் இதே மேகந்தான் தம்பி, அதுக்காக வருத்தப்படாதே என்று அவள் பதில் எழுதியிருந்தாள்.

என் கல்யாணத்தில் பிலிம் இல்லை, கணக்கும் இல்லை. ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்கள். அத்தை இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பழைய படம் ஏதாவது இருந்தால் கொடுங்கள், பக்கத்தில் நிற்கிற மாதிரி சேர்த்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார் படம் பிடித்தவர். நான் ஆசையாக அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"வேணாம் புள்ள. அதான் உங்க அக்கா கல்யாணத்துலயே எடுத்தாச்சே" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் அந்த மத்தியானம் எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது. வெளிச்சம் அடித்தபோது நாங்கள் எல்லோரும் கேமராவைத்தான் பார்த்தோம். அப்பா பார்க்கவில்லை. பக்கத்தில் விட்ட இடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, தன்னைவிட உயரமான ஒருவரைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிலிமே இல்லாத படத்துக்கு எங்கே பார்த்தால் என்ன என்று நினைத்துக்கொண்டு நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.